எவர் கண்ணால் பார்க்கிறோம்?

விருதுநகர் மாவட்டத்தில், சாத்தூருக்கு அப்பால், ஏழாயிரம்பண்ணையை அடுத்து அமைந்த சிற்றூர் அச்சங்குளம். வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் பயிர் பொய்க்கும். ஆகவே தீப்பெட்டியும் பட்டாசும் அம்மண்ணின் மக்களுக்குச் சோறிட்டு வந்துள்ளன. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள், வெள்ளிக்கிழமை பிற்பகலில், அங்கிருந்த பட்டாசு ஆலையொன்று வெடித்துச் சிதறியது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கடுத்த புதன், திருநீற்றுப் புதன். மனிதன் மண் என்பதை நினைவூட்டி நெற்றியில் சாம்பல் பூசப்படும் அந்நாளுக்கு முன்பே, அவ்வட்டாரத்து இல்லங்கள் பலவற்றுக்குச் சாம்பல் வந்து சேர்ந்துவிட்டது.

அச்செய்தியை நம்மில் பெரும்பாலோர் கைபேசித் திரையில்தான் கண்டோம். கரும்புகை எழுந்தது, இடைவிடாமல் வெடியோசை கேட்டது, தொலைவில் நின்று எவரோ படம் பிடித்திருந்தார். சில நொடிகள் பார்த்தோம், வருந்தினோம், விரலால் தள்ளிவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றோம். அதே உள்ளங்கை அளவுத் திரையில்தான் நம் பிள்ளைகள் நாள்தோறும் வேறு வெடிப்புகளைக் கண்டுகொண்டிருந்தனர். அவ்வெடிப்புகளை அவர்கள் காண்பதோடு நிற்கவில்லை, தாமே நிகழ்த்தினர். கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில் துப்பாக்கிப் போர் விளையாட்டுகள் நம் இல்லங்களுக்குள் எவ்வளவு ஆழமாகப் புகுந்தன என்பதை எல்லாப் பெற்றோரும் அறிவர்.

இவ்விரு நெருப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு வினா எழுகிறது. இத்தகைய காட்சிகளை நாம் எவர் கண்ணால் பார்க்கிறோம்? விளையாட்டில் இரத்தம் எவ்வளவு சிந்துகிறது என்று அளப்பதே நம் வழக்கம். அதைக் காண்பவனை அது எந்த இடத்தில் நிறுத்துகிறது என்று கேட்பதில்லை. அவ்விடத்தின் வரலாற்றையே இக்கட்டுரையில் சற்று ஆராய விழைகிறோம்.

மூவிடம்

தமிழ் இலக்கணம் இடத்தை மூன்றாக வகுத்தது: தன்மை, முன்னிலை, படர்க்கை. நான், நீ, அவன். வீடியோ விளையாட்டுகளின் உலகிலும் இப்பாகுபாடு உண்டு. துப்பாக்கி ஏந்திய கை மட்டும் திரையின் கீழ்விளிம்பில் தெரிய, ஆடுபவனே அவ்வீரனின் கண்ணாக இருந்து சுடுவது தன்மைப் பார்வை. வீரனின் முதுகுக்குப் பின்னால் நின்று அவனை நடத்திச் செல்வது படர்க்கைப் பார்வை. முன்னிலைப் பார்வை என்று ஒன்றை இவ்விளையாட்டுகளின் பட்டியலில் தேடினால் கிடைப்பது அரிது. சுடப்படுபவன் 'நீ' ஆவதில்லை. அவன் ஓர் இலக்கு. விழுந்தால் ஓர் எண்.

நம் இலக்கியம் இவ்விட வேறுபாட்டை நன்கறிந்திருந்தது. பரணி பாடிய புலவர் வென்றவன் பக்கம் நின்று களத்தைக் கண்டார். கலிங்கத்துப்பரணியில் பிணக்களத்துப் பேய்கள் கூழ் அட்டு உண்கின்றன. கையறுநிலை பாடியவரோ இழந்தவர் பக்கம் நின்றார். களத்தில் மகனின் உடலைத் தேடும் தாயைப் புறநானூறு நமக்குக் காட்டியது. போர் ஒன்றே, பார்க்கும் இடம் வேறு. இடம் மாறியபோது பாட்டும் மாறியது.

திரை கடந்து வந்த வழி

இவ்விளையாட்டுகளைக் குறித்த அறக்கவலை புதியதன்று. 1976-இல் அமெரிக்காவில் எக்சிடி நிறுவனம் 'டெத் ரேஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. காரை ஓட்டிச் சென்று, மனித உருப்போன்ற சிறு கோட்டுருவங்கள்மீது மோத வேண்டும். மோதிய இடத்தில் சிலுவைக் கல்லறை ஒன்று முளைக்கும். அதற்கே அங்குப் பெருங்கண்டனம் எழுந்தது. அதிலும் ஆடுபவன் மேலிருந்து பார்த்தான். கண் அவனுடையது அன்று.

1983-இல் 'டிராகன்ஸ் லேர்' வந்தது. ஓவியர் டான் புளூத் வரைந்த அசைபடம் ஒளித்தட்டிலிருந்து ஓடும். தக்க நொடியில் ஆடுபவன் கைப்பிடியை அசைத்தால் வீரன் பிழைப்பான், தவறினால் சாவான். திரைப்படமும் விளையாட்டும் அதில் கைகோத்தன. படம் பார்ப்பவனின் கை கதைக்குள் நுழைந்தது. 1999-இல் ஜப்பானில் வெளிவந்த 'ஷென்மூ' இம்முறையை விரித்து, கதைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அழுத்தச் செய்தது.

இதற்கிடையில் கண்ணும் இடம் மாறிற்று. 1992-இல் 'வுல்ஃபன்ஸ்டைன் 3டி'யும் 1993 டிசம்பரில் 'டூம்' என்பதும் ஆடுபவனைத் துப்பாக்கியின் பின்புறத்தில் நிறுத்தின. அந்த டிசம்பரிலேயே அமெரிக்க செனட் அவை வன்முறை விளையாட்டுகளைக் குறித்து விசாரணை நடத்தியது. அதன் விளைவாக 1994-இல் வயதுத் தரச்சான்று முறை பிறந்தது. 1998-இல் 'ஹாஃப்-லைஃப்' இன்னோர் அடி எடுத்து வைத்தது. அதுவரை கதை சொல்ல வேண்டுமாயின் ஆட்டம் நின்று, தனிப்படம் ஒன்று ஓடும். ஆடுபவன் சற்று நேரம் பார்வையாளனாக ஓய்ந்திருப்பான். 'ஹாஃப்-லைஃப்' அவ்வோய்வை நீக்கியது. கதை முழுவதும் நாயகனின் கண்வழியாகவே நிகழ்ந்தது. திரைப்படத்தின் ஆற்றல் யாவும் இனி 'நான்' என்னும் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

மூன்று காட்சிகள்

அவ்வாற்றல் எதற்குப் பயன்பட்டது? 2007-இல் வெளிவந்த 'கால் ஆஃப் டியூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்' என்னும் விளையாட்டில் மூன்று காட்சிகள் நம் ஆய்வுக்குரியவை.

தொடக்கத்தில், ஆட்சி கவிழ்க்கப்பட்ட ஒரு நாட்டின் அதிபருடைய கண்ணாக ஆடுபவன் இருக்கிறான். இழுத்துச் சென்று காரில் தள்ளுகிறார்கள். தெருவில் துப்பாக்கிச் சூடு நடக்கிறது. ஆடுபவனால் செய்யக்கூடியது ஒன்றே: தலையைத் திருப்பிப் பார்க்கலாம். இறுதியில் கம்பத்தில் கட்டி, நெற்றிக்கு நேரே துப்பாக்கி நீட்டப்படுகிறது. திரை இருள்கிறது.

இடையில் ஒரு காட்சி. ஆடுபவன் வானூர்தி ஒன்றின் பீரங்கிக்குப் பின்னால் இருக்கிறான். கீழே இரவு. வெப்பத்தைக் காட்டும் கருவியில் மனிதர்கள் வெண்புள்ளிகளாக ஓடுகின்றனர். குண்டு விழுகிறது, புள்ளிகள் அடங்குகின்றன. உடனிருப்போர் அலுவலகப் பேச்சுப்போலப் பதற்றமின்றிப் பேசிக்கொள்கின்றனர். குரலும் கேட்காத, முகமும் தெரியாத உயரம் அது.

மூன்றாவது காட்சியில் அணுகுண்டு வெடிக்கிறது. அதுவரை வென்றுகொண்டிருந்த அமெரிக்க வீரனின் கண்ணாக, வீழ்ந்த வானூர்தியிலிருந்து தவழ்ந்து வெளியேறுகிறோம். வானம் செம்மஞ்சளாய்க் கிடக்கிறது. சில அடிகள் நடக்கலாம். எந்தப் பொத்தானும் அவனைக் காப்பாற்றாது. அவன் சாகிறான்.

கொல்லப்படுபவனின் கண், உயரத்திலிருந்து கொல்பவனின் கண், வென்றுகொண்டிருக்கையில் சாகிறவனின் கண் என மூன்றும் ஒரே விளையாட்டில் உள்ளன. அதைச் செய்தோர் 'இடம்' என்பதன் வலிமையை உணர்ந்தே இருந்தனர் என்பது தெளிவு. ஆயினும் அவை சில நிமிடங்களே. மற்றைய நேரம் முழுவதும் எதிர்நிற்பவன் விழுவதற்கென்றே எழுகிறான்.

இரண்டாண்டுகள் கழித்து, 2009 நவம்பரில் வந்த அதன் அடுத்த பாகம் உலகையே துணுக்குறச் செய்தது. மாஸ்கோ விமான நிலையத்தில் பயங்கரவாதிகள் பொதுமக்களைக் கொல்லும் காட்சி. ஆடுபவன் அக்கூட்டத்தில் ஒற்றனாய் ஊடுருவியவன். அவன் கையிலும் துப்பாக்கி. சுடலாம், சுடாமலும் நடக்கலாம், விரும்பாவிடில் அப்பகுதியையே தவிர்க்கலாம். ஆனால் கொலையைத் தடுக்க இயலாது. ரஷ்யப் பதிப்பில் அப்பகுதி நீக்கப்பட்டது. ஜப்பானிய, ஜெர்மானியப் பதிப்புகளில் பொதுமக்களைச் சுட்டால் ஆட்டம் முடிந்துவிடும்.

2012-இல் பெர்லின் நகரத்து நிறுவனமொன்று படைத்த 'ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்' இவற்றுக்கெல்லாம் விடை கூறுவதுபோல் அமைந்தது. அதிலும் வெண்புள்ளிகள் வருகின்றன. எதிரிப்படை என்று எண்ணி, ஆடுபவன் வெண்பாஸ்பரசுக் குண்டுகளை வீசுகிறான். தீக்குச்சியின் வரலாறு அறிந்த சிவகாசிப் பகுதியினருக்கு அப்பெயர் புதியதன்று. தொழிலாளரின் தாடையெலும்பை அரித்ததால், தீப்பெட்டித் தொழிலிலிருந்து 1906-ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்பாட்டாலும், இந்தியாவில் 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் விலக்கப்பட்ட பொருள் அது. ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியபோது அச்சட்டத்துக்கு வயது பத்து. விளையாட்டில் குண்டு விழுந்த பின் திரை வேறிடத்துக்குத் தாவுவதில்லை. ஆடுபவன் தன் கால்களால் அப்புகைக்குள் நடந்தாக வேண்டும். கருகிக் கிடப்போருள் பலர் அடைக்கலம் புகுந்த பொதுமக்கள். பிள்ளையை அணைத்தபடி ஒரு தாய். உயரத்தில் புள்ளியாய் இருந்தது அருகில் முகமாகிறது.

திருச்சபை அறிந்த இடமாற்றம்

காண்பவனைக் காட்சிக்குள் நிறுத்துவதன் ஆபத்தையும் பயனையும் திருச்சபை நெடுங்காலமாக அறியும்.

ஆபத்தைப் புனித அகுஸ்தினார் எழுதினார். தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்ட நூலின் ஆறாம் பகுதியில், நண்பர் அலிப்பியுசைப் பற்றிக் கூறுகிறார். உரோமை நகரின் வாள்வீரர் சண்டையை வெறுத்த அவ்விளைஞரை உடன்பயின்றோர் வலிந்து இழுத்துச் சென்றனர். உடல் இருந்தாலும் உள்ளம் இராது என்று சூளுரைத்துக் கண்களை மூடி அமர்ந்தார். மக்கள் திடீரென ஆர்ப்பரித்ததும் ஆவல் தாளாமல் கண் திறந்தார். குருதியைக் கண்டார், பின் கண்ணை அகற்ற இயலவில்லை. களத்தில் வீழ்ந்தவனினும் அவர் பெற்ற காயம் பெரிது என்பதே அகுஸ்தினாரின் துயரம். அவர் கையில் வாள் இல்லை. ஆயினும் கூட்டத்துள் ஒருவராகிவிட்டார். அதே அலிப்பியுஸ் பிற்காலத்தில் தகாஸ்தே நகரின் ஆயரானார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

பயனைப் புனித இஞ்ஞாசியார் கண்டார். 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில், தியானிப்பவர் முதலில் இடத்தை உள்ளத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். சாலையைப் பார், குகையைப் பார், பேசுவோரைக் கேள், நீயும் அங்கே நில் என்பது அம்முறையின் சாரம். இயேசு சபையார் 1606-இல் மதுரையில் தொடங்கிய மறைப்பணியோடு இந்நெறியும் இங்கு வந்தது. கரிசல் நாட்டுக் காமநாயக்கன்பட்டியில் வீரமாமுனிவர் பணியாற்றியதும் அம்மரபில்தான். ஆவூரிலும் இடைக்காட்டூரிலும் வேறு பல ஊர்களிலும் நடைபெறும் பாஸ்கு நாடகங்களில் ஊர்மக்களே யூதாசாகவும் படைவீரராகவும் நடிக்கின்றனர். சாட்டை ஏந்துபவர் நம் பக்கத்து வீட்டுக்காரர்.

இவை அனைத்திலும் கூர்மையானது குருத்து ஞாயிறன்று நிகழ்கிறது. ஆண்டவரின் பாடுகளின் வரலாறு பங்கிட்டு வாசிக்கப்படும்போது, கிறிஸ்துவின் மொழியைக் குரு வாசிக்கிறார். அவரைச் சிலுவைக்கு அனுப்பக் கேட்கும் கூட்டத்தின் குரலோ சபையாராகிய நமக்குத் தரப்படுகிறது. கொல்லச் சொல்லும் வாய் நம்முடையது. தன்மை இடத்தில், கொலைஞர் பக்கத்தில், திருச்சபையே நம்மை நிறுத்துகிறது.

அப்படியாயின் மாஸ்கோ விமான நிலையக் காட்சிக்கும் இதற்கும் வேறுபாடு என்ன? ஆழ்ந்து நோக்கின், வேறுபாடு அடுத்து வருவதில் உள்ளது. ஆண்டவர் உயிர்விடும் இடம் வந்ததும் வாசகம் நிற்கிறது. நாம் அனைவரும் முழந்தாளிடுகிறோம். ஆலயத்தில் சிறிது நேரம் எவ்வோசையும் இல்லை. சற்றுமுன் கூவிய அதே நாம், கூவியதன் முன்னே மௌனமாக இருக்கிறோம். 'அவன்' என்று நாம் சுட்டிய ஒருவர் அந்த மௌனத்தில் 'நீர்' ஆகிறார். படர்க்கை முன்னிலையாகிறது. பெரும்பாலான போர் விளையாட்டுகளிலோ, ஒருவன் வீழ்ந்ததும் மதிப்பெண் ஏறுகிறது. உடனே அடுத்தவன் எழுகிறான். மௌனத்துக்கு அங்கு இடமில்லை. கொன்றபின் வருவது மதிப்பெண்ணா, மௌனமா என்பதே நாம் கைக்கொள்ளத் தக்க உரைகல்.

தடையும் தெளிவும்

நாடுகள் சட்டத்தால் இதைத் தீர்க்க முயன்றன. சிறுவர்க்கு வன்முறை விளையாட்டுகளை விற்பதைத் தடுத்த கலிபோர்னியச் சட்டத்தை 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் செல்லாததாக்கியது. நம் நாட்டில் 2020 செப்டம்பர் 2-ஆம் நாள் பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகள் தடுக்கப்பட்டன. ஆனால் அதற்குக் கூறப்பட்ட காரணம் நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும், சிறுவரின் உள்ளமன்று. 2021 ஜனவரி 26 அன்று, கல்வான் மோதலைக் களமாகக் கொண்ட 'ஃபௌஜி' என்னும் இந்திய விளையாட்டு ஆரவாரத்தோடு வெளிவந்தது. எதிரி மாறினான், இடம் மாறவில்லை. அச்சங்குளம் வெடித்தது அதற்குப் பதினேழு நாள் கழித்து.

விளையாடுபவர் எல்லாரும் கொலைஞராவர் என்று அஞ்சுவதற்கும் ஆதாரமில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் தன் நிலைப்பாட்டைத் திருத்தியபோது, கூச்சலிடுதல், தள்ளுதல் போன்ற சிறு முரட்டுத்தனத்துக்கும் இவ்விளையாட்டுகளுக்கும் சிறிதளவு தொடர்புண்டு என்றது. கொடுங்குற்றங்களை இவற்றோடு இணைக்கப் போதிய சான்றில்லை என்றும் கூறியது. ஆகவே நம் கவலை வேறு. இவ்விளையாட்டுகள் கையைக் கெடுக்காமல் இருக்கலாம், கண்ணைப் பழக்குகின்றன. மனிதரைப் புள்ளியாகப் பார்க்கப் பழகிய கண், திரையை அணைத்தபின் உடனே முகம் பார்க்கக் கற்குமா?

திருச்சபை இதில் நிதானம் காட்டியே வந்துள்ளது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட சமூகத் தொடர்பு ஏடு, தீமையைச் சித்திரித்தல் மனிதனை ஆழமாக அறிய உதவக்கூடும் என்று ஒப்பி, அது அறநெறியின் கட்டுக்குள் நிற்க வேண்டும் என்றும் வற்புறுத்தியது. வன்முறையைப் போற்றும் வீடியோ விளையாட்டுகளைப் பொழுதுபோக்கு என்னும் பெயரால் சிறுவர்முன் வைப்பதைத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-ஆம் ஆண்டுச் செய்தியில் கடுமையாகச் சாடினார். சித்திரிப்பது வேறு, போற்றுவது வேறு.

போற்றாமல் சித்திரித்தவையும் உண்டு. போலந்து நாட்டில் 2014-இல் உருவான 'திஸ் வார் ஆஃப் மைன்', சரயேவோ நகர முற்றுகையை மனத்திற்கொண்டு படைக்கப்பட்டது. அதில் ஆடுபவன் வீரன் அல்லன். பசித்திருக்கும் குடிமக்களைக் காப்பவன். போலந்து அரசு 2020-இல் அதை மாணவர்க்கான வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. நம்மவர் படைப்பும் ஒன்றுண்டு. டொராண்டோவிலிருந்து 2023-இல் வந்த 'வெண்பா'வில், கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்த் தாய் ஒருத்தியின் அடுக்களையில் நின்று, கிழிந்த குறிப்பேட்டைக்கொண்டு இட்டலி வார்க்கிறோம். அது 2024-இல் பிரித்தானிய பாஃப்டா விருது பெற்றது. தாயின் இடத்தில் நிறுத்தவும் இக்கலைக்கு இயலும் என்பதற்குச் சான்று தமிழிலேயே கிடைத்துவிட்டது.

மீண்டும் அச்சங்குளம்

வெடிப்பை உலகம் பெரும்பாலும் தொலைவிலிருந்தே காண்கிறது. தொலைவிலிருந்து காண்போருக்கு அது ஒளி. மருந்து கலக்கும் அறைக்குள் இருப்போருக்கு அது வேறு. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டி ஆலை தீப்பற்றியபோது முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் அங்கு வேலை செய்தவரே அல்லர். புகை கண்டு, உதவவும் பார்க்கவும் ஓடி வந்த அக்கம்பக்கத்து ஊரார். பார்வையாளர் என்று தனியே ஓர் இடம் அம்மண்ணில் இல்லை.

அச்சங்குளத்துக்குப் பிறகும் எண்கள் வந்தன. நடுவண் அரசும் மாநில அரசும் நிவாரணம் அறிவித்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தாமே வழக்கெடுத்து, இறந்தோர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது. வேண்டியவைதாம் அவை. ஆயினும் எண்ணிக்கையும் தொகையும் படர்க்கை மொழி. காலையில் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துச் சென்றவளை 'நீ' என்று அழைக்க இன்றும் அவள் வீட்டார் மட்டுமே உள்ளனர்.

பிள்ளைகளின் விளையாட்டைக் குறைகூற நாம் முற்படும்போது, நம் திருவிழா இரவுகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சப்பரம் சுற்றிவரும்போது வாணவேடிக்கையை அண்ணாந்து பார்த்து மகிழும் நாம், அதை உருட்டிய விரல்களை எத்தனை முறை நினைத்தோம்? உயரத்திலிருந்து பார்த்தால் மனிதர் புள்ளி. கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் மனிதரே தெரிவதில்லை. இரண்டும் ஒரே குருடு.

ஆதலால் தடைசெய்வதைவிட அரிய ஒன்றைப் பெற்றோர் செய்யலாம். பிள்ளையின் அருகே அமர்ந்து அவ்விளையாட்டைப் பார்த்து, இதில் நீ எவர் கண்ணாக இருக்கிறாய், விழுந்தவனுக்கு முகம் உண்டா, விழுந்தபின் என்ன வருகிறது என்று கேட்கலாம். பங்குகளில் நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அடுத்த திருவிழாவில் முதல் வாணம் ஏறுமுன் ஒரு நிமிடம் விளக்குகளை அணைத்து, குருத்து ஞாயிறன்று போல மௌனமாய் முழந்தாளிடலாம். அவ்விருளில் அச்சங்குளத்து முகங்கள் நம் முன்னிலைக்கு வரும். அதன்பின் வாணம் ஏற்றுவதா வேண்டாமா என்பதை அம்முகங்களைப் பார்த்து நாம் தீர்மானிப்போம்.